டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ் கனெக்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும், மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொத்தாக வரும் ஒயர்களைப் பார்த்துத்தான் பலருக்கும் தயக்கம் வருகிறது. எது எங்கே போகும், மிச்சம் இருப்பதை அப்படியே விட்டுவிடலாமா, தப்பாகச் சொருகினால் என்ன ஆகும்? புதிதாக அசெம்பிள் செய்பவர்களும், பழைய மெஷினுக்கு உயிர் கொடுக்கப் பார்ப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவை கீழே.

ஒரு கம்ப்யூட்டருக்கு ஏன் இத்தனை விதமான கனெக்டர்கள்? ஒன்றே போதாதா?

எஸ்எம்பிஎஸ் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியை வாங்கி, 12, 5, 3.3 என்று மூன்று டிசி மின்னழுத்தங்களாகப் பிரித்துத் தருகிறது. ஹார்டு டிஸ்கின் மோட்டாருக்கு 12 வேண்டும், அதன் சர்க்யூட்டுக்கு 5 வேண்டும். யுஎஸ்பி போர்ட்டுக்கு 5. பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் 12 மட்டும் போதும், ஆனால் மூட்டை மூட்டையாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் இழுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. அதில் பாதிகூட இல்லாத 450 வாட் கிராபிக்ஸ் கார்டு, 12 வோல்ட்டில் இழுப்பது 37.5 ஆம்பியர். மின்னழுத்தம் குறையும்போது அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறியே தீரும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒரு பின் முனையில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் 12 வோல்ட் கொண்டுவரும் ஒரே மஞ்சள் ஒயரை இரண்டு, மூன்று, ஆறு என்று பிரித்துத் தனித்தனி பின்களில் கொண்டுபோகிறார்கள். கனெக்டர் சமாசாரத்தில் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

ஒயர் நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. கறுப்பு கிரவுண்டு. ஊதா, மெஷின் அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட். பச்சை, எஸ்எம்பிஎஸ்ஸை ‘கிளம்பு’ என்று சொல்லும் ஒயர். சாம்பல், ‘எல்லா வோல்ட்டும் சரியாக வந்துவிட்டது’ என்று மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும் ஒயர். நீலம் மைனஸ் 12. பழைய யூனிட்களில் வெள்ளை நிறத்தில் ஒரு மைனஸ் 5 இருக்கும். பழைய கார்டுகள் சொருகிய ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளோடு அதன் காலமும் முடிந்துவிட்டது.

இப்போது விலை கூடிய யூனிட்களில் எல்லா ஒயரையும் கறுப்பாகப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடிக் கேபினெட்டில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மல்டிமீட்டரோடு உட்காருபவருக்கு அது தலைவலி.

24 பின் கனெக்டர் சில யூனிட்களில் 20, 4 என்று பிரிகிறதே, ஏன்?

இன்டெல் 1995-ல் மதர்போர்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஏடிஎக்ஸ் என்ற விதிமுறையைக் கொண்டுவந்தபோது மதர்போர்டு கனெக்டரில் 20 பின்கள்தான். கிராபிக்ஸ் கார்டு சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்து, அந்த ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கொடுக்க வேண்டியிருந்ததால், 2003-ல் நான்கு பின்களைச் சேர்த்து 24 ஆக்கினார்கள். சேர்ந்த நான்கும் புதிய வேலைக்காக வந்தவை இல்லை: 12, 5, 3.3, கிரவுண்டு ஆகியவற்றில் கூடுதலாக ஒவ்வொன்று, அவ்வளவே. பழைய 20 பின் போர்டுக்கும் பொருந்தட்டும் என்றுதான் அந்த நான்கையும் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். உங்கள் போர்டு 24 என்றால் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே அழுத்துங்கள். நாலு பின் துண்டு பாதி வழியில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஏடிஎக்ஸுக்கு முந்தைய ஏடி மெஷின்களைத் தொட்டவர்களுக்கு பி8, பி9 என்ற இரட்டைப் பிளக்குகள் நினைவிருக்கும். ஆறு ஆறு பின். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இடம் மாற்றியும் சொருகிவிடலாம், சொருகினால் போர்டு போச்சு. ‘கறுப்பும் கறுப்பும் நடுவில் சேரணும்’ என்பதுதான் அன்றைய பாடம். இன்றைய பிளக்குகளில் சில பின் துளைகள் சதுரமாகவும் சில ஒருபக்கம் சீவினதாகவும் இருப்பது, தலைகீழாகவோ வேறு இடத்திலோ நுழையாமல் தடுப்பதற்காகத்தான்.

மெஷினை அணைத்துவிட்டேன். ஆனாலும் மதர்போர்டில் சின்ன விளக்கு எரிகிறதே?

அது ஊதா ஒயர் செய்யும் வேலை. ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் அந்த 5 வோல்ட்டை மட்டும் நிறுத்தாது. முன்பக்க பட்டனை அழுத்தியதைக் கவனிப்பதற்கும், கீபோர்டிலிருந்தோ நெட்வொர்க் வழியாகவோ மெஷினை எழுப்புவதற்கும் அது வேண்டும். எனவே ‘அணைத்துவிட்டேன்’ என்று நம்பி ராம் கழற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்து, சுவர் பிளக்கையும் உருவிவிட்டு, பவர் பட்டனை ஓரிரு முறை அழுத்துங்கள். போர்டு விளக்கு மங்கி அணைந்ததும் வேலையைத் தொடங்கலாம்.

ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியையே திறப்பது வேறு விஷயம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் 320 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அந்த நாலு ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும் என்கிறார்களே, செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம். எல்லா கனெக்டர்களையும் மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, பழைய டிவிடி டிரைவோ கேபினெட் ஃபேனோ ஒன்றை மட்டும் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்த பிறகு பவரைப் போடுங்கள். போட்டபின் கிளிப்பைத் தொட்டு நகர்த்தக் கூடாது.

ஒயர்கள் எல்லாம் கறுப்பாக இருந்தால் பச்சையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி இருக்கிறது. பூட்டுக் கிளிப் உள்ள வரிசையைப் பாருங்கள். பன்னிரண்டு துளைகளில் ஒன்றில் மட்டும் ஒயரே இருக்காது. மைனஸ் 5 இருந்த இடம் அது. அதன் ஒரு பக்கம் நான்கு பின்களும் இன்னொரு பக்கம் ஏழு பின்களும் இருக்கும். ஏழு இருக்கும் பக்கமாக எண்ணினால் முதல் மூன்றும் கிரவுண்டு, நான்காவதுதான் பச்சை. நான்கு இருக்கும் பக்கம் போனால் அங்கே வரிசையாக நிற்பது 5 வோல்ட். அங்கே ஜெம் கிளிப்பை வைத்தால் நேரடி ஷார்ட். சந்தேகம் இருந்தால் வேண்டாம், இதற்கென்றே குறைந்த விலையில் டெஸ்டர் பிளக் கிடைக்கிறது.

ஃபேன் சுற்றவில்லை என்பதற்காக யூனிட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில யூனிட்களில் சூடு ஏறினால்தான் ஃபேன் ஓடும். அதே மாதிரி, ஃபேன் சுற்றுவதால் யூனிட் நல்லது என்றும் சொல்ல முடியாது. இந்தச் சோதனையில் தேறிவிட்டு, கேம் போட்டதும் விழும் யூனிட்கள் நிறைய.

மல்டிமீட்டர் எவ்வளவு காட்டினால் சரி?

மூன்று முக்கிய வரிசைகளுக்கும் ஐந்து சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு. 12-க்கு 11.4 முதல் 12.6 வரை. 5-க்கு 4.75 முதல் 5.25 வரை. 3.3-க்கு ஏறக்குறைய 3.14 முதல் 3.47 வரை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டரின் ஒயர் பக்கத்திலிருந்து மீட்டர் முனையை நுழைத்துப் பார்ப்பதுதான் உருப்படியான அளவு. சும்மா இருக்கும்போது 12.1 காட்டிவிட்டு, வேலை கொடுத்ததும் 11.3-க்குப் படுத்துவிடுகிறதா? மாற்றிவிடுங்கள்.

சாம்பல் ஒயரையும் பாருங்கள். யூனிட் கிளம்பி 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் அதில் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும். அது வராமல் மற்ற வோல்ட் எல்லாம் இருந்தும், போர்டு பிராசசரை எழுப்பாது. ‘ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்பிளே வரலை’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

பிராசசர் பக்கத்தில் இருக்கும் 4 பின், 8 பின் எதற்கு?

பென்டியம் 4 வந்த 2000-ஆம் ஆண்டில்தான் இந்த நாலு பின் வந்தது. கடைகளில் இன்றும் சிலர் இதை ‘பி4 பின்’ என்றே சொல்வார்கள். பிராசசருக்கு உள்ளே தேவைப்படுவது ஒரு வோல்ட்டுக்கு அருகில்தான். அந்த மாற்றத்தைச் செய்யும் சர்க்யூட் பிராசசரை ஒட்டியே போர்டில் இருக்கிறது. அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொண்டுவருவதுதான் இந்தக் கனெக்டரின் வேலை. சர்வர்களுக்காக வந்த இபிஎஸ் 8 பின்னும் இதே வேலையைச் செய்வதுதான், ஒயர் இரட்டிப்பு. இப்போது பெரும்பாலும் 4+4 என்று பிரியும்படி வருகிறது.

இதை மாட்ட மறப்பதுதான் புதிதாக அசெம்பிள் செய்பவர்களிடம் அதிகம் நடப்பது. போர்டின் மேல் மூலையில், ஃபேனுக்கும் கேபினெட் கூரைக்கும் நடுவே ஒளிந்திருக்கும். 24 பின் மட்டும் மாட்டினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பு.

போர்டில் 8 பின்னோடு இன்னொரு 4 பின்னும் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு 8 மட்டும்தான் இருக்கிறது என்றால்? பயப்பட வேண்டாம். சாதாரண முனைகளிலேயே பின்னுக்கு 7 ஆம்பியர் என்று வைத்தால், நான்கு மஞ்சள் பின்கள் 336 வாட் கொண்டுவரும். ஓவர்கிளாக் செய்யாத (பிராசசரை அளவுக்கு மேல் வேகமாக ஓட்டாத) மெஷினுக்கு அது தாராளம். கூடுதல் பின் இல்லாமலே பெரும்பாலான போர்டுகள் ஓடும்.

சிபியூ 8 பின்னும் கிராபிக்ஸ் 8 பின்னும் ஒரே மாதிரிதானே? மாற்றிச் சொருகினால்?

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் மின்சாரத்தில் நேர் எதிர். சிபியூ பிளக்கில் பூட்டுக் கிளிப் இருக்கும் பக்கம் மஞ்சள், எதிர்ப்பக்கம் கறுப்பு. கிராபிக்ஸ் பிளக்கில் கிளிப் பக்கம் கறுப்பு, எதிர்ப்பக்கம் மஞ்சள் மூன்று. ஒன்றை மற்றதில் திணித்துவிட்டால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டில் போய் விழும். நல்ல யூனிட் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். மலிவு யூனிட் என்றால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

துளைகளின் வடிவம் வேறு என்பதால் மென்மையாகத் தள்ளினால் நுழையாது. நுழையாததைப் பலத்தால் நுழைக்கிற கைதான் பிரச்சினை. அடையாளம் எளிது: நடுவில் பிளந்து 4+4 ஆனால் சிபியூ, 6+2 ஆகப் பிரிந்தால் கிராபிக்ஸ். பல யூனிட்களில் பிளக் மேலேயே எழுதியும் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின், 8 பின் கணக்கு என்ன? ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு பிளக்குகளையும் பயன்படுத்தலாமா?

ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் வழியாக 75, 8 பின் வழியாக 150. எனவே இரண்டு 8 பின் உள்ள கார்டு 375 வாட் வரை வாங்க வழி உண்டு. 8 பின்னில் 12 வோல்ட் கொண்டுவருவது மூன்று பின்கள்தான். 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், பின்னுக்கு நாலு ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டு மடங்கு தாங்கக்கூடிய பின்னுக்கு அது சும்மா வேலை. இந்தக் கனெக்டர் பல வருடமாகப் பெரிய புகார் இல்லாமல் ஓடுவதற்கு இந்தத் தாராளம்தான் காரணம்.

ஒரே கேபிளில் இரட்டைப் பிளக் என்றால், பிளக்குகளில் பளு பிரிந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் மொத்தமும் ஒன்றாகத்தான் போகும். 200 வாட்டுக்கு உட்பட்ட கார்டு என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் தனித்தனி கேபிள் போடுங்கள், இரண்டாவது பிளக் சும்மா தொங்கட்டும். மோலெக்ஸ் என்ற பழைய பெரிய நாலு பின்னிலிருந்து 8 பின் எடுக்கும் கன்வர்ட்டரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள். அது தேவைப்படுகிறது என்றாலே அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கு ஆகாது என்றுதான் அர்த்தம்.

புதிய கார்டுகளில் 16 பின் கனெக்டர் உருகுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 12வி-எச்பிடபிள்யூஆர் என்ற இந்தக் கனெக்டர் ஏடிஎக்ஸ் 3.0-வோடு வந்தது. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே பிளாஸ்டிக் கருகி உருகிய படங்கள் வரத் தொடங்கின. அந்த நவம்பரில் என்விடியா, தங்களுக்குத் தெரிய வந்தவை உலகம் முழுவதும் சுமார் 50 என்றும், பிளக் முழுதாக உள்ளே போகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் சொன்னது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இது 600 வாட் வரை கொடுக்க வேண்டிய கனெக்டர். அதாவது 50 ஆம்பியர். 12 வோல்ட் பின்கள் ஆறு. பின்னுக்கு 8.3 ஆம்பியர். அந்தப் பின்னின் தாங்கு திறனோ 9.5-க்கு அருகில். மேலே சொன்ன இஸ்திரிப்பெட்டி முழுசாக இழுப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, தீக்குச்சி கனம்கூட இல்லாத ஒரே பின்னில். பழைய 8 பின்னில் இருந்த தாராளம் இங்கே இல்லை. ஆறில் இரண்டு பின்கள் சரியாகத் தொடவில்லை என்றால், அவற்றின் பங்கை மற்ற நான்கும் சுமக்கும். 4090 மாதிரியான கார்டுகளில் உள்ளே நுழைந்ததுமே ஆறும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், எது அதிகம் சுமக்கிறது என்று கார்டுக்குத் தெரியவே தெரியாது. என் அபிப்பிராயத்தில், சொருகியவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. கொஞ்சம் கவனக்குறைவுகூடத் தாங்காத அளவுக்கு ஒரு வீட்டுப் பொருளின் கனெக்டரை வடிவமைத்ததிலும் தவறு இருக்கிறது.

அடுத்து வந்த 12வி-2×6 வடிவத்தில் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். மேலே இருக்கும் நான்கு சின்ன உணர் பின்களை 1.5 மில்லிமீட்டர் உள்ளே இழுத்து, பவர் பின்களைக் கால் மில்லிமீட்டர் நீட்டினார்கள். பிளக் அரைகுறையாக இருந்தால் உணர் பின் தொடாது, கார்டும் கிளம்பாது. இந்த மாற்றம் கார்டு பக்கத்து சாக்கெட்டில்தான். கேபிள் பழையதே பொருந்தும். இதற்குப் பிறகும் 2025-ல் 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090-லும் உருகிய செய்திகள் வந்தன.

உங்களால் முடிந்தது: கார்டைக் கேபினெட்டில் பொருத்துவதற்கு முன்பே பிளக்கைச் சொருகி, ‘க்ளிக்’ கேட்கிறதா பாருங்கள். எல்லா பிளக்கும் சத்தம் போடாது. எனவே டார்ச் அடித்து, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே கோடு மாதிரி இடைவெளி தெரிகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். லேசாகப் பின்னால் இழுத்தும் பார்க்கலாம். பிளக்கிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை ஒயரை வளைக்காதீர்கள். கண்ணாடிக் கதவு ஒயரை அழுத்துகிறது என்றால் கேபினெட் சின்னது.

ஹார்டு டிஸ்க் மாதிரி டிரைவ்களுக்குப் போகும் சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள் எதற்கு? மோலெக்ஸிலிருந்து சாட்டா எடுக்கலாமா?

3.3, 5, 12 மூன்றுக்கும் மூன்று மூன்று பின்கள், நடுவில் கிரவுண்டுக்கு இரண்டு செட். பின்னுக்கு 1.5 ஆம்பியர் என்பதால் ஒரு கனெக்டரில் 12 வோல்ட் 54 வாட் வரைதான். ஹார்டு டிஸ்குக்கு இது போதும். சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின் எடுத்தால் 75 வாட்டைத் தாங்காது, கருகும்.

மோலெக்ஸிலிருந்து சாட்டா எடுக்கும் கன்வர்ட்டரில் இரண்டு வகை. ஒயர்களை அச்சில் வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியது ஒன்று. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ஒயரும் தனித்தனி பள்ளத்தில் கடிக்கப்பட்டிருப்பது தெரிவது இன்னொன்று. முதல் வகையில், பிளாஸ்டிக் ஊற்றும்போது ஒயர் நகர்ந்து 12-ம் கிரவுண்டும் நெருங்கிவிட்டால், நாளடைவில் ஷார்ட் ஆகி டிரைவையும் சேர்த்து எரித்துவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது வகை.

சரி, இதற்கு நேர் எதிரான ஒரு விசித்திரமும் உண்டு. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கைப் பிரித்து உள்ளே இருந்த டிரைவை டெஸ்க்டாப்பில் மாட்டினால் சில நேரம் சுற்றவே சுற்றாது. டிரைவ் போய்விட்டது என்று நினைப்பார்கள். 2016-ல் வந்த சாட்டா 3.3 விதிமுறை, மூன்றாவது பின்னை ‘டிரைவை அணை’ என்ற உத்தரவுக்கு ஒதுக்கியது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் வந்துகொண்டிருக்கும். டிரைவ் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு படுத்தே கிடக்கும். டிரைவின் முதல் மூன்று பின்களைக் கேப்டான் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மறைத்தாலோ, 3.3 இல்லாத மோலெக்ஸ் வழி கன்வர்ட்டரைப் போட்டாலோ எழுந்துவிடும்.

மோலெக்ஸும் அந்தக் குட்டி 4 பின்னும் இன்னும் எதற்கு?

மோலெக்ஸ் என்று நாம் சொல்லும் பெரிய நாலு பின் (மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு) இப்போது ஃபேன் ஹப், எல்இடி ஸ்ட்ரிப் மாதிரி சில்லறை வேலைகளுக்குத்தான். குட்டி பின் ஃப்ளாப்பி டிரைவுக்கு வந்தது. மிச்சம் தொங்கினால் கட்டி ஓரமாக வையுங்கள், ஒன்றும் ஆகாது.

ஒரு மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றுக்குப் போடலாமா? பிளக் சரியாகப் பொருந்துகிறதே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மதர்போர்டு பக்கம், டிரைவ் பக்கம், கார்டு பக்கம் இருக்கும் பிளக்குகளுக்கு விதிமுறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியில் சொருகும் முனைக்கு எந்த விதிமுறையும் கிடையாது. எந்தத் துளையில் 12, எந்தத் துளையில் 5 என்பது தயாரிப்பவர் இஷ்டம். ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும். பிளக் வழுக்கிக்கொண்டு நுழையும், அழகாகப் பூட்டும். பவர் போட்டதும், 5 வோல்ட் எதிர்பார்த்த ஹார்டு டிஸ்கின் சர்க்யூட்டுக்கு 12 வந்து இறங்கும். ஒரு கேபிளில் நாலு டிரைவ் இருந்தால் நாலும் போகும். யூனிட்டை மாற்றும்போது, ‘கேபிள் ஏற்கெனவே நேர்த்தியாகக் கட்டியிருக்கிறதே, பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம்’ என்ற ஆசையில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. செகண்ட் ஹேண்டில் மாடுலர் யூனிட் வாங்கினால் அதன் சொந்தக் கேபிள்கள்தானா என்று கேளுங்கள். தெரியாது என்றால், மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரில் பாருங்கள். கழற்றிய கேபிள்களை எந்த யூனிட்டுடையது என்று எழுதி ஒரு பையில் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

கம்பெனி டெஸ்க்டாப்பில் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைப் போடலாமா?

டெல், எச்பி, லெனோவா ஆகியவற்றின் ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் 24 பின்னே இருக்காது. 12 வோல்ட் மட்டும் தரும் யூனிட்டிலிருந்து ஆறு, எட்டு, பத்து பின் என்று தங்களுக்கேற்ற சொந்தப் பிளக் ஒன்றைப் போட்டிருப்பார்கள். 5, 3.3 இரண்டையும் போர்டே தயாரித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்குக்குப் பவர்கூடப் போர்டிலிருந்துதான் போகும். இன்டெல்லும் ஏடிஎக்ஸ்12விஓ என்று இதே யோசனையைப் பத்துப் பின்னோடு விதிமுறையாக வெளியிட்டது.

இவற்றைவிட ஆபத்தானவை, தொண்ணூறுகளின் கடைசியில் டெல் விட்ட சில மாடல்கள். பிளக் அச்சு அசல் ஏடிஎக்ஸ், உள்ளே ஒயர் வரிசை மட்டும் வேறு. சாதாரண யூனிட்டைச் சொருகினால் போர்டும் போகும், யூனிட்டும் போகும். பழைய மெஷின் சேகரிப்பவர்கள் கவனிக்கவும்.

லேபிளில் 450 வாட் என்று இருக்கிறது. நம்பலாமா?

மொத்த வாட்டை விடுங்கள், +12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 192 வாட்தான். பெட்டி மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதே, எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டது எஸ்எம்பிஎஸ் இல்லை, எர்த். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழைவாயிலிலேயே, இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து கேபினெட் உடலுக்கும் நியூட்ரலிலிருந்து கேபினெட் உடலுக்கும் ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அதில் கசிவது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் கேபினெட் 230-இல் பாதியில், அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். வருவது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் ஆளைத் தூக்கிப் போடாது, ஆனால் வெறும் காலோடு தரையில் நின்று கேபினெட் ஓரத்தைத் தொட்டால் நன்றாக உறைக்கும்.

நம்மூர் வீடுகளில் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகி வைத்திருப்பதும், சுவர்ப் பெட்டியில் எர்த் ஒயரே இழுக்காமல் விட்டிருப்பதும் சகஜம். மெஷின் ஓடுகிறதே என்று யாரும் கவனிப்பதில்லை. மனிதருக்கு மட்டும் இல்லை, அந்த மிதக்கும் கேபினெட்டோடு டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் சொருகும்போது போர்ட்டும் அடிபடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியான பிறகும் அடித்தாலோ, சுவரின் பிரேக்கர் விழுந்தாலோதான் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

பழைய யூனிட்டின் பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. எதில் வைப்பது?

230. நம்மூரில் 115-இல் வைத்துப் பவர் போட்டால் வெடிச் சத்தம்தான் கேட்கும். இப்போதைய நல்ல யூனிட்களில் இந்த சுவிட்சே இல்லை, எது வந்தாலும் அவை தாமே பார்த்துக்கொள்ளும்.

கனெக்டரில் ஒரு பின் பழுப்பாகிவிட்டது. சுத்தம் செய்து ஓட்டலாமா?

வேண்டாம். பிளாஸ்டிக் பழுத்திருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் தகரப் பிடி சூட்டில் தளர்ந்துவிட்டது. அதைச் சுரண்டி மாட்டினால் முன்பைவிட லூசாகத்தான் உட்காரும், இன்னும் சூடாகும். கேபிளை மட்டும் மாற்றினாலும் போதாது, எதிர்ப்பக்க சாக்கெட்டின் பின்னையும் பாருங்கள். அதுவும் கறுத்திருந்தால் புதிய கேபிளையும் அது கெடுத்துவிடும். மதர்போர்டு சாக்கெட்டை மாற்றிச் சால்டர் வைத்துத் தரும் ஆட்கள் சர்வீஸ் கடைகளில் இருக்கிறார்கள். போர்டையே தூக்கிப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.